கருப்பட்டியின் கணக்கு நோட்டு

எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார். "அக்கா, லேப்ரடார் நாய்க்குட்டி ஒண்ணு பதினஞ்சாயிரத்துக்கு வருது. வாங்கலாம்னு இருக்கேன். மாசம் ஒரு ரெண்டாயிரம் ஆகுமா?"

வாயில் சோறு இருந்ததால் அப்போது பதில் சொல்லவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்துப்போய் அவர் மேசையில் வைத்தேன். அட்டையில் என் மகன் நாலாம் வகுப்புக் கையெழுத்தில் 'கருப்பட்டி' என்று எழுதியிருப்பான். அவள் எங்கள் நாய். கறுப்பு லேப்ரடார். உடன்குடிக் கருப்பட்டி நிறத்தில் இருந்ததால் அந்தப் பெயர். கூப்பிடும்போது சுருங்கி 'பட்டி' ஆகிவிட்டது. நாகர்கோவிலில் இருந்து வந்து பக்கத்து வீட்டில் குடியிருப்பவர்கள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். மலையாளத்தில் பட்டி என்றாலே நாய்தானாம். நாயை 'நாய்' என்றே கூப்பிடும் ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். அதனால் அவளை வாங்கிய 2020 அக்டோபரில் இருந்தே தனி நோட்டுப் போட்டுவிட்டேன். எழுதினேனே தவிர, முதல் மூன்று வருடம் அதை ஒழுங்காகப் படிக்கவில்லை. படித்திருந்தால் பின்னால் வளையலை அடகு வைக்க வேண்டி வந்திருக்காது.

வாங்கும்போது வீட்டுக்காரர் போட்ட கணக்கு ஒரே வரி. "குட்டி 9,000. அப்புறம் நாம சாப்பிடுற மிச்சத்தைச் சாப்பிட்டுக்கும். மாசம் ஆயிரம் போதும்." ஊரடங்கில் பையன் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தான். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் மட்டும் அந்த வருடம் நாலு வீட்டில் குட்டி வாங்கினார்கள். நாங்கள் ஐந்தாவது.

மிச்சத்தைச் சாப்பிடும் என்ற கணக்கு முதல் வாரமே அடிபட்டது. எங்கள் வீட்டு மிச்சம் என்றால் சாம்பார் சாதம், புளிக்குழம்புச் சாதம். இரண்டிலும் கை நிறைய சின்ன வெங்காயம் கிடக்கும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்று ஊசி போடப் போன இடத்தில் டாக்டர் சொன்னார். பாயசத்தில் கிடக்கும் திராட்சை கூடாது, அது சிறுநீரகத்தைத் தாக்கும். பையன் கையில் இருக்கும் சாக்லேட் கூடவே கூடாது. ஆக, மிச்சத்தில் மிஞ்சியது தயிர்சாதமும் இட்லியும்தான். வளரும் லேப் குட்டிக்கு அது எந்த மூலைக்கு?

அடுத்த அடி ஊசியில். குட்டியை விற்றவர் நாற்பத்தைந்து நாள் குட்டி என்று கொடுத்தார். "மொத ஊசி போட்டாச்சு, பயப்படாதீங்க" என்றார். அட்டை கேட்டோம், அப்புறம் தருகிறேன் என்றார். அந்த 'அப்புறம்' இன்றுவரை வரவில்லை. மருந்துக் குப்பியில் இருக்கும் சின்ன லேபிளை உரித்து ஒட்டி, தேதி போட்டு, டாக்டர் கையெழுத்தோடு அட்டை இருந்தால்தான் ஊசி போட்டதாக அர்த்தம். அட்டை இல்லாததால் எங்களுக்கு முதலில் இருந்து ஆரம்பித்தார்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் மாதிரி வைரஸ் நோய்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு கூட்டு ஊசி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை பதினாறு வாரம் வரை. மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. நடுநடுவே பூச்சி மருந்து. குட்டி வாங்கப் போகிறவர்கள் பணத்தை நீட்டுவதற்கு முன் அட்டையைக் கையில் வாங்கிவிடுங்கள். அட்டை இல்லை என்றால் விலையில் ஆயிரம் ரூபாய் குறைத்துக் கேளுங்கள், கூசாமல்.

முதல் வருடக் கணக்கை அந்தத் தம்பிக்கு நோட்டில் விரல் வைத்துக் காட்டினேன். குட்டி 9,000. ஊசிகள் 3,500. பூச்சி மருந்து 600. தட்டு, சங்கிலி, பாய் வகையறா 1,800. சாப்பாடு 27,300. மாங்கொட்டை 1,800. சேதாரம் 4,000. மொத்தம் 48,000. ஆர அமர விலை பேசி, ஐந்நூறு குறைத்து, பெருமைப்பட்டு வாங்கிய அந்த 9,000 மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

'மாங்கொட்டை' என்னவென்று கேட்டார். 2021 மே மாதம், அத்தை முற்றத்தில் உட்கார்ந்து மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கொட்டை தட்டில் இருந்து உருண்டது. அது தரையில் நிற்பதற்குள் கருப்பட்டி வாயில் போய்விட்டது, மெல்லவே இல்லை. லேப்களுக்கு வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குப் போவதே இல்லை என்று நினைக்கிறேன். குடலில் அடைத்தால் ஆபரேஷன்தான் என்றார்கள். எக்ஸ்ரே எடுத்து, ஊசி போட்டு, இரண்டு மணி நேரம் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் கக்கிவிட்டாள். வழவழவென்று, நக்கித் துடைத்த மாதிரி ஒரு முழுக் கொட்டை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாம்பழம் கதவைச் சாத்திக்கொண்டுதான்.

சேதாரம் என்றால் செருப்பு, டி.வி. ரிமோட், அத்தையின் மூக்குக்கண்ணாடிக் கூடு, சோபாவின் ஒரு கை. பல் முளைக்கும் பருவம் முடிந்ததும் அது தானாக நின்றுவிட்டது. ஆனால் கதவைப் பிறாண்டும் பழக்கம் நிற்கவில்லை. 2022-ல் வாடகை வீட்டைக் காலி செய்தபோது வீட்டுக்காரம்மா தேக்குக் கதவில் கோடு விழுந்திருக்கிறது என்று அட்வான்ஸில் 6,000 பிடித்துக்கொண்டார்கள். நியாயம்தான். நான் கதவைப் பார்த்தேன், எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்கள் கதவின் கீழ்ப்பாதியில் ஒரு பிளாஸ்டிக் ஷீட் அடித்துவிடுங்கள். நானூறு ரூபாயோடு போய்விடும்.

இப்போது மாதாமாதம் ஆகும் செலவுக்கு வருகிறேன். முதல் மூன்று மாதம் பாக்கெட் தீவனம்தான் போட்டோம், மாதம் 2,200. பிறகு வீட்டுச் சமையலுக்கு மாறினோம். பிராய்லர் கடையில் கழுத்தும் ஈரலும் கலந்து கிலோ 110 ரூபாய்க்குத் தருகிறார். தினம் 350 கிராம், மாதம் பத்தரைக் கிலோ, 1,155 ரூபாய். அரிசிக்கு முதலில் ரேஷன் அரிசியைப் போடலாம் என்றார் வீட்டுக்காரர். அத்தை ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டார். "சனங்க வரிசைல நின்னு வாங்குற அரிசி அது. நாய்க்குப் போடாதிய." அதனால் குருணை வாங்குகிறோம். கிலோ 35, மாதம் ஆறு கிலோ, 210. முட்டை தினம் ஒன்று, 180. கேரட், பூசணி 150. வெந்த எலும்பு உடைந்து ஊசி மாதிரி குத்தும் என்பதால் கழுத்தெலும்பை எல்லாம் உருவிவிட்டுத்தான் போட வேண்டும். தினம் பத்து நிமிடம் எனக்கு அதில் போகிறது, அதற்கு நோட்டில் பத்தி இல்லை. எலும்பு இல்லாத சமையலில் சுண்ணாம்புச் சத்து போதாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த பொடி 200. ஊருக்குப் போகும் நாளுக்குப் பாக்கெட் தீவனமும் பிஸ்கட்டும் 350.

அடுப்புக்கும் ஒரு செலவு இருக்கிறது, அது யார் கண்ணிலும் படாது. நாற்பத்தைந்து நாள் வந்த சிலிண்டர் எங்களுக்கு முப்பத்தாறு நாளில் தீர ஆரம்பித்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் மாதம் 150 ரூபாய் அவள் பங்கு. இதையெல்லாம் கூட்டினால் சாப்பாடு மட்டும் 2,400-க்கு வந்து நிற்கிறது.

கரண்டும் அப்படித்தான். லேப் என்பது குளிர்நாட்டு நாய், உடம்பில் இரண்டு அடுக்கு முடி. திருநெல்வேலி சித்திரை வெயிலில் அதைக் கூடத்தில் விட்டுவிட்டு ஆபீஸ் போகும்போது ஃபேனை நிறுத்த மனசு வராது. நாள் முழுக்க ஒரு ஃபேன் ஓடினால் இரண்டு மாதத்தில் நாற்பது யூனிட். நாற்பது யூனிட்தானே என்று விட்டோம். 470-ல் நின்ற ரீடிங் 512 ஆனது. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும் என்பது தமிழ்நாட்டில் மீட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பன்னிரண்டு யூனிட்டுக்கு நாங்கள் கட்டியது பன்னிரண்டு யூனிட் காசு அல்ல. இப்போது கூடத்து டியூப் லைட்டை மாற்றி, மோட்டார் போடும் நேரத்தைக் குறைத்து 490-க்குள் பிடித்து வைத்திருக்கிறோம். அப்படியும் மாதம் 200 அவள் தலையில் எழுதுகிறேன்.

இதெல்லாம் சின்னத் தொகைகள். கஷ்டமாக இருந்தாலும் சம்பளத்துக்குள் அடங்கும். எங்களைச் சாய்த்தவை வேறு இரண்டு. இரண்டுமே நான் மிச்சம் பிடித்த இடத்தில் இருந்து வந்தவை.

முதலாவது உண்ணி. மூன்று மாதத்துக்கு ஒரு மாத்திரை, தின்னக் கொடுத்தால் போதும், கடிக்கும் உண்ணி செத்துவிழும். 2022-ல் அது கிட்டத்தட்ட 2,000 ரூபாய். அந்த ஐப்பசியில் பையனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அடைமழை, நாய் வெளியிலேயே போகவில்லை, உண்ணி எங்கிருந்து வரும் என்று ஒரு தவணையைத் தள்ளிப்போட்டேன். கார்த்திகையில் ஒரு நாள் ஃப்ரிட்ஜை நகர்த்திப் பெருக்கும்போது பார்க்கிறேன், பின்சுவரில் மிளகைச் சிதறிவிட்ட மாதிரி இருக்கிறது. கிட்டப் போனால் மிளகு நகர்கிறது. நாயைக் கடிக்கும் பழுப்பு உண்ணி வீட்டுச் சுவர் விரிசலுக்குள்ளேயே முட்டையிட்டுப் பெருகும், அதற்குத் தோட்டமே தேவையில்லை. அதற்கு நாலு நாள் முன்பே கருப்பட்டி படுத்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. ஈறு வெளுத்திருந்தது, மூக்கோரம் லேசாக ரத்தம். ரத்தத் தட்டணுக்கள் விழுந்திருந்தன. உண்ணிக் காய்ச்சல்.

இரண்டு தடவை ரத்தப் பரிசோதனை, மூன்று நாள் டிரிப்ஸ், பிறகு இருபத்தெட்டு நாள் டாக்சிசைக்ளின். 8,600 ரூபாய். 2,000 ரூபாயை மிச்சம் பிடித்ததற்கு. சுவர் விரிசலைச் சிமென்ட் வைத்துப் பூசினோம், படுக்கைச் சாக்கை எரித்தோம். பூச்சிமருந்தை வீடு முழுக்க அடிக்கச் சொன்னார் ஒருவர், டாக்டர் வேண்டாம் என்றார், நாய் சுவரையும் தரையையும் நக்கும். இப்போது மாத்திரை 2,200 ஆகிவிட்டது, வருடத்துக்கு நான்கு. அரிசி பருப்பு மாதிரி அது கட்டாயம். வேண்டுமானால் ஷாம்பூவை நிறுத்துங்கள், பெல்ட்டு பழசாகவே இருக்கட்டும். உண்ணி மாத்திரையில் கை வைக்காதீர்கள்.

இரண்டாவதைச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

2021-ல் அவளுக்கு முதல் தீட்டு வந்து போன பிறகு, கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். 7,000 ரூபாய். நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது குட்டியை விற்ற அதே மனிதர் போன் செய்தார். "அவசரப்படாதீங்க மேடம். ஒரு ஈத்து போட விடுங்க. ஆம்பள நாயை நான் தாரேன். எட்டுக் குட்டி போட்டாலும் ஒண்ணு எட்டாயிரம்னு வச்சுக்கங்க." எட்டு எட்டு அறுபத்துநாலு. கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கே கண்ணில் 64,000 பளிச்சென்று தெரிந்தது. சினையாக இருக்கும்போது தீனி இரண்டு மடங்கு, ஸ்கேன், பிரசவம் சிக்கினால் ஆபரேஷன், எட்டுக் குட்டிக்கும் ஊசி, விற்காமல் நின்றுபோகும் குட்டிகள் என்று எதிர்ப்பக்கம் ஒன்று இருப்பதை நான் எழுதவே இல்லை. வரவை மட்டும் எழுதி வைத்துவிட்டு இரண்டு வருடம் இழுத்தோம். இணை சேர்க்கவும் இல்லை, ஆபரேஷனும் செய்யவில்லை.

2023 ஆடியில் தீட்டு வந்தது. புரட்டாசி பிறந்தது. புரட்டாசி முழுக்க அத்தை கறிச்சட்டியை அடுப்பில் ஏற்ற விடமாட்டார், கருப்பட்டிக்கும் சேர்த்துத்தான் விரதம். தயிர்சாதத்தை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கறி இல்லன்னு கொழுப்பு பாரு" என்று சிரித்தோம். மறுநாளும் தொடவில்லை. ஆனால் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தாள். காலையில் நிரப்பிய வாளி மத்தியானம் காலி. மறுபடி நிரப்பினால் சாயங்காலம் காலி. ராத்திரி கூடத்திலேயே மூத்திரம் போனாள், அதுவரை ஒருநாளும் அப்படிப் போனதில்லை. மூன்றாவது நாள் வயிறு உப்பியிருந்தது. அத்தைதான் முதலில் பயந்தார். விரதத்தை விட்டுவிட்டு, முட்டையை அவித்து உரித்து அவள் வாய்க்கிட்டே கொண்டுபோனார். அதையும் மோந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். லேப் முட்டையை வேண்டாம் என்று சொல்கிறது என்றால் விஷயம் பெரிது.

கர்ப்பப்பையில் சீழ். பயோமெட்ரா என்றார்கள். தீட்டு முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில், கர்ப்பப்பை நீக்காத பெண் நாய்களுக்கு, வயது ஏற ஏற வருவது. கர்ப்பப்பையின் வாய் மூடிக்கொண்டால் சீழ் வெளியே வராது, உள்ளேயே வெடித்தால் உயிர் போய்விடும். அதே கர்ப்பப்பையை எடுக்கும் அதே ஆபரேஷன்தான். 2021-ல் நல்ல உடம்போடு துள்ளிக்கொண்டு நின்றவளுக்குச் செய்ய வேண்டியதை, 2023-ல் காய்ச்சலோடு, சிறுநீரகம் தடுமாறிக்கொண்டிருக்கும்போது செய்தார்கள். ஆபரேஷன் முடிந்து ஒரு ஸ்டீல் தட்டில் வைத்துக் காட்டினார் டாக்டர். விரல் தடிமன் இருக்க வேண்டியதாம். தண்ணீர் பிடித்துக் கட்டிய இரண்டு நீளப் பலூன்களைப் போல இருந்தது. வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார்.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஆபரேஷன், ஐந்து நாள் டிரிப்ஸ், ஆண்டிபயாட்டிக் எல்லாம் சேர்த்து 31,400 ரூபாய். மாதக் கடைசி. கையில் ஆறாயிரம் இருந்தது. என் ஒரு ஜோடி வளையலைச் சொசைட்டியில் வைத்து 30,000 வாங்கினோம். ஒன்பது மாதம் கழித்து மீட்டபோது வட்டி 2,250. ஆக, 7,000-க்கு முடிந்திருக்க வேண்டியது 33,650.

இதில் இன்னொன்றும் தெரிந்தது. இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி 2012-ல் இருந்து இருக்கிறது. பஸ்ஸில் போகும் தூரம். அங்கே கருத்தடைக்கு ஆகும் செலவு தனியாரைவிட ரொம்பக் குறைவு. அரை நாள் லீவு போட வேண்டும், அவ்வளவுதான். சென்னை வேப்பேரியில், நாமக்கல்லில், ஒரத்தநாட்டில் எல்லாம் இதே மாதிரி கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தை மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் மூன்று வருடம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம், அதையொட்டி நடக்கும் முகாம்களில் வெறிநாய்த் தடுப்பூசி இலவசமாகவே போடுகிறார்கள். இப்போது வருடாந்திர வெறிநாய் ஊசியை அங்கேதான் போடுகிறோம், கூட்டு ஊசிக்கு மட்டும் தனியார். தடுப்பூசியும் பூச்சி மருந்தும் சேர்த்து வருடம் 2,200-ல் முடிகிறது. எது அவசரம், எது அவசரமில்லை என்று பிரித்து, அவசரமில்லாததை எல்லாம் அரசு மருத்துவமனைக்குத் தள்ளினால் தனியாருக்கான காசு ராத்திரி பதினோரு மணி ஆபத்துக்கு மிஞ்சும்.

வளையல் மீண்டு வந்த மறுமாதம், 2024 ஜூலையில், பாங்கில் ஒரு ஆர்.டி., அதாவது தொடர் வைப்பு, ஆரம்பித்தேன். மாதம் 1,500, ஒரு வருடம். அடகுக்கு அடைத்துக்கொண்டிருந்த தொகை ஏற்கெனவே கையை விட்டுப் போய்ப் பழகியிருந்தது, அதனால் வலிக்கவில்லை. சீட்டுப் போடலாமே என்றார் வீட்டுக்காரர். சீட்டு நமக்கு வேண்டிய நாளில் விழாது, தள்ளி எடுத்தால் கழிவும் போகும். நாய்க்கு உடம்பு சரியில்லாமல் போவது ஏலத் தேதி பார்த்து வராது. ஆர்.டி.யை உடைத்தால் கொஞ்சம் வட்டி போகும், முதல் அப்படியே கைக்கு வரும். காப்பீடும் விசாரித்தேன். இப்போது நாய்க்குக் காப்பீடு தரும் கம்பெனிகள் உண்டு. ஆனால் ஏற்கெனவே வந்த நோய்க்குக் கிடைக்காது, குறிப்பிட்ட வயதுக்கு மேல் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள். குட்டியாக இருக்கும்போதே எடுப்பவர்களுக்கு அது ஒத்துவரலாம். எங்களுக்குக் காலம் கடந்துவிட்டது.

பயணச் செலவையும் சொல்லிவிடுகிறேன். பங்குனி உத்திரத்துக்கு எங்கள் பக்கம் எல்லோரும் குலதெய்வச் சாஸ்தா கோயிலுக்குப் போவோம். முன்பெல்லாம் பஸ்ஸில் போய் வந்த குடும்பம், இப்போது அவளையும் கூட்டிப்போக வேன் பிடிக்கிறோம். சென்னைக் கல்யாணத்துக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் அவளைக் கொண்டுபோகலாமா என்று விசாரித்தால், முதல் வகுப்பு ஏ.சி.யில் கூப்பே என்ற தனி அறை முழுக்க நமக்கே கிடைத்தால்தான் கூட வைத்துக்கொள்ள முடியும், இல்லையென்றால் லக்கேஜ் பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டு. கூண்டில் விட மனசில்லை. நாய் விடுதியில் ஒருநாளைக்கு 600 என்று மூன்று நாள் விட்டோம், உண்ணியோடு திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு யாராவது ஒருவர் கல்யாணத்துக்குப் போவதில்லை. பெரும்பாலும் அது வீட்டுக்காரர்தான். அவருக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

தம்பி நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார், "அப்போ மாசம் எவ்வளவுன்னு ஒரே நம்பரா சொல்லுங்கக்கா."

சொன்னேன். சாப்பாடு 2,400. உண்ணி மாத்திரையை மாதத்துக்குப் பிரித்தால் 730 சொச்சம். தடுப்பூசியும் பூச்சி மருந்தும் அதே மாதிரி 180 சொச்சம். கரண்ட் 200. சோப்பு, நகவெட்டி அது இது 150. மொத்தம் 3,660 சொச்சம். அதற்கு மேல் ஆர்.டி. 1,500. ஐயாயிரத்து இருநூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.டி.யை விட்டுவிட்டுச் சொன்னால் அது எங்கள் வீட்டுக்காரர் சொன்ன ஆயிரத்தைப் போல இன்னொரு பொய்.

போன அக்டோபரோடு ஐந்து வருடம் முடிந்தது. எல்லாப் பக்கத்தையும் கூட்டிப் பார்த்தேன். வேன், விடுதி, கதவு எல்லாம் சேர்த்து 2,66,000-க்குக் கொஞ்சம் கீழே. அத்தையிடம் காட்டவில்லை. காட்டினால் உடனே வாங்கிய வருடத்து விலையில் எத்தனை பவுன் என்று கணக்குப் போட்டுவிடுவார். ஆனால் அவர் படுக்கும் கட்டிலுக்குக் கீழே யார் படுக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

தம்பி முகம் வாடிப்போனதைப் பார்த்து இன்னொன்று சொன்னேன். நாய் வளர்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கும் விலையை இனம் முடிவு செய்கிறது, வளர்க்கும் செலவைப் பெரும்பாலும் எடை முடிவு செய்கிறது. பூச்சி மாத்திரை பத்துக் கிலோவுக்கு ஒன்று. உண்ணி மாத்திரை எடைவாரியாக விலை ஏறும். மயக்க மருந்து எடைக்கு ஏற்ப. தீனி சொல்லவே வேண்டாம். எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அக்கா ஒரு தெருக்குட்டியை எடுத்து வளர்க்கிறார்கள். பதினைந்து கிலோ இருக்கும். குட்டை முடி, இந்த வெயிலுக்கென்றே பிறந்த உடம்பு. ஊசியும் கருத்தடையும் அரசு ஆஸ்பத்திரியில். நான் கேட்டுக் கேட்டு எழுதிப் பார்த்ததில் எங்கள் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் நம் பக்கத்து நாய்கள்தானே என்று சிலர் கிளம்புகிறார்கள். அவை ஓடிப் பழகியவை. இரண்டு அறை வீட்டில் கட்டிப்போட்டால் அந்தப் பாவம் வேறு.

தம்பி சென்னைக்கு மாற்றல் கேட்டிருப்பதால் ஒன்று கூடுதலாகச் சொன்னேன். சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டும். 2025-ல் கட்டணம் 50 ரூபாய்தான் இருந்தது. எடுக்காமல் மாட்டினால் அபராதம் 5,000. அங்கே இருக்கும் என் கூடப்பிறந்த தம்பி வீட்டில் இதற்காகக் கெடு முடியும் கடைசி வாரத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஊசி அட்டை இல்லாமல் உரிமம் கிடைக்காது. மறுபடியும் அந்த அட்டைதான்.

அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. நோட்டைப் படம் எடுத்து வீட்டில் காட்டப் போகிறேன் என்றார். காட்டட்டும்.

எங்கள் வீட்டில் இப்போது வேறு பாடு. ஆபரேஷனுக்குப் பிறகு கருப்பட்டி 28 கிலோவில் இருந்து 34 ஆகிவிட்டாள். டாக்டர் பிஸ்கட்டை நிறுத்தி, குருணையைப் பாதியாக்கச் சொல்லிவிட்டார். ஐந்து வருடத்தில் நோட்டில் செலவு குறையப் போகும் பக்கம் அது ஒன்றுதான், அதற்கும் அத்தை மறைவாக இட்லி போட்டு ஆப்பு வைக்கிறார். நான்கு நாளாக எழுந்திருக்கும்போது பின்னங்காலைத் தாங்கித் தாங்கி வைக்கிறாள். வியாழக்கிழமை எக்ஸ்ரே. முதல் ஆர்.டி. முதிர்ந்து வந்த 18,600 சொச்சத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறேன். அதிலிருந்து நேற்று இரண்டாயிரம் எடுத்து நோட்டுக்குள் செருகியாயிற்று.